அயல்நாட்டுச் செல்லப் பிராணிகள்: ஒருவர் எத்தனை வளர்க்கலாம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாங்காக்கிலிருந்து சென்னையில் வந்திறங்கும் பயணிகளின் பெட்டிகளில் மலைப்பாம்புக் குட்டிகளும் மார்மோசெட் குரங்குகளும் உள்ளங்கைக்குள் அடங்கும் ஆமைக் குஞ்சுகளும் பிடிபடுவது வாடிக்கையான செய்தியாகிவிட்டது. அத்தகைய செய்திகளைத் தங்கள் நாளிதழ் விடாமல் வெளியிட்டு வருவது பாராட்டுக்குரியது. ஆனால் கடத்தலைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு, முறையாக வாங்கி, முறையாகப் பதிவு செய்து, அன்போடு வளர்ப்பவர்களின் வீடுகளில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. நான் பார்த்த வரையில் அந்த வீடுகளில் விலங்குகள் படும் துன்பத்துக்குக் கொடுமை மனம் காரணமாக இருப்பதில்லை. எண்ணிக்கையே காரணமாக இருக்கிறது. பல ஆண்டுகளாகப் பறவைகளும், இகுவானா என்னும் பெரும்பல்லி ஒன்றும் வளர்த்து வருபவன் என்ற முறையில், ஒரு மனிதர் எத்தனை அயல் விலங்குகளைப் பொறுப்போடு வைத்துக்கொள்ள முடியும் என்ற கேள்வியைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

சட்டம் இன்று எங்கே நிற்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் நெடுங்காலம் நம் நாட்டு உயிரினங்களையே கருத்தில் கொண்டிருந்தது. வெளிநாட்டுக் கிளியோ பல்லியோ வீட்டுக்குள் வந்து சேர்ந்துவிட்டால், அதன் பிறகு அதைக் கேட்பாரில்லை. 2020 ஜூன் மாதத்தில், தங்களிடம் உள்ள அயல் விலங்குகளை ஆறு மாதங்களுக்குள் தாமாக முன்வந்து தெரிவிப்போரிடம் ஆவணம் கேட்கப்படமாட்டாது என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அறிவித்தபோது, நாடெங்கும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் விவரம் தெரிவித்தார்கள். பின்னர் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தபோது, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் எனப்படும் பன்னாட்டு ஒப்பந்தத்தில் இடம்பெற்ற உயிரினங்கள் சட்டத்தின் நான்காம் அட்டவணைக்குள் கொண்டுவரப்பட்டன. 2024 பிப்ரவரியில் வெளியான விதிகளின்படி, அவற்றை வைத்திருப்போர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தின் வழியாகத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் பதிவு செய்ய வேண்டும். குட்டி பிறந்தாலும், இறந்தாலும், வேறொருவரிடம் கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். இந்த விதிகளை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். ஆயினும் விலங்கு எங்கிருந்து வந்தது, இப்போது யாரிடம் இருக்கிறது என்று கணக்கில் வைப்பதே அவற்றின் நோக்கம். இத்தனைக்கு மேல் ஒருவர் வளர்க்கக் கூடாது என்று அவை சொல்வதில்லை. பட்ஜி, காக்கட்டீல் போன்று சைட்டிஸ் பட்டியலில் இல்லாத பறவைகளுக்கு அந்தக் கணக்கும் கிடையாது. ஆகவே எண்ணிக்கையை முடிவு செய்யும் பொறுப்பு முழுவதும் வளர்ப்பவரிடமே விடப்பட்டிருக்கிறது. அதை அவர் பெரும்பாலும் கடையில் நின்றுகொண்டு, ஒரு குட்டியின் முகத்தைப் பார்த்தபடி முடிவு செய்கிறார்.

கொளத்தூரிலோ வேறெங்கோ ஒரு சாண் நீளத்தில் பச்சைப் பசேலென்று இருக்கும் இகுவானாக் குட்டியை வாங்குபவரிடம், அது வாலோடு சேர்த்து ஐந்து அடிக்கு மேல் வளரும் என்றோ, நன்றாகப் பேணினால் பதினைந்து இருபது ஆண்டுகள் வாழும் என்றோ யாரும் அழுத்திச் சொல்வதில்லை. அது முழுக்க முழுக்க இலைதழை உண்ணும் பிராணி. எங்கள் வீட்டில் நாள்தோறும் காலையில் முருங்கை, அகத்தி, செம்பருத்தி இலை, பறங்கிக்காய்த் துருவல் என்று அதற்கெனத் தனியாக நறுக்க வேண்டியிருக்கிறது. பாலக் கீரையை மட்டும் போட்டு வளர்த்தால் அதிலுள்ள ஆக்சலேட், சுண்ணாம்புச் சத்தை உடலில் சேரவிடாது. வெயில் படாத அடுக்ககத்தில் புற ஊதாக் கதிர் விளக்கு அவசியம். அந்த விளக்கு எரிந்துகொண்டிருப்பதாகக் கண்ணுக்குத் தெரியும்போதே அதன் கதிர்வீச்சு சில மாதங்களில் குறைந்துவிடும் என்பதால், அணையாத விளக்கையும் தவணை தவறாமல் மாற்ற வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் எலும்பு மெலிகிறது. கீழ்த்தாடை வீங்கி, பின்னங்கால்கள் தடித்து, விரல்கள் நடுங்கத் தொடங்கும்போது பலரும் “நன்றாகச் சதை போட்டிருக்கிறது” என்று மகிழ்ந்துபோவதை நான் கண்டிருக்கிறேன். வளர்ந்த இகுவானாவுக்கு அலமாரி அளவுக் கூண்டு போதாது, ஓர் அறையின் பெரும்பகுதி வேண்டும். இரண்டு வளர்ந்த ஆண் இகுவானாக்களை ஒரே இடத்தில் விட்டால் சண்டை நிச்சயம். ஆகவே இந்த இனத்தைப் பொறுத்தவரை, அலுவலகம் செல்லும் ஒருவருக்கு ஒன்று என்பதே என் கணக்கு. அந்த ஒன்றுக்கே காலை நேரம் போய்விடுகிறது.

இகுவானாவின் வேலை கண்முன் தெரிகிறது. வேலையே இல்லாததுபோல் தோன்றும் விலங்குகளிடம்தான் எண்ணிக்கை கை மீறிப் போகிறது. பால் பைத்தான் எனப்படும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒருமுறை இரை எடுக்கும். சத்தமில்லை, நாற்றமில்லை, ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்குள் சுருண்டு கிடக்கும். நிற வகைகளோ எண்ணற்றவை. ஒன்றை வாங்கியவர் வேறொரு நிறத்தைப் பார்த்து இரண்டாவதை வாங்குவதும், இரண்டையும் இணை சேர்த்துப் புதிய நிறம் எடுக்க ஆசைப்படுவதும், அடுக்கடுக்காகத் தொட்டிகள் பெருகுவதும் இயல்பாக நடந்துவிடுகிறது. ஆனால் அந்த அமைதியே ஆபத்து. இந்தப் பாம்பு நல்ல உடல்நிலையிலேயே மாதக்கணக்கில் இரையைத் தொடாமல் இருக்கும்; நோயுற்றாலும் இரையைத் தொடாமல் இருக்கும். இரண்டையும் பிரித்தறிய, ஒவ்வொன்றையும் தராசில் வைத்து எடை பார்த்து எழுதி வைப்பதைத் தவிர எளிய வழியில்லை. மூன்று பாம்பு இருக்கும் வீட்டில் அந்தக் குறிப்பேடு ஒழுங்காக இருக்கிறது. இருபது பாம்பு இருக்கும் வீட்டில் குறிப்பேட்டில் இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளிக்குள் ஒரு பாம்பு மெலிந்து இறந்துபோகிறது. மேலும், எலியை வெளியில் வாங்க முடியாதவர் வீட்டிலேயே எலி வளர்க்கத் தொடங்குகிறார். பத்துப் பாம்பு வளர்ப்பதாகச் சொல்பவர் ஓர் எலிக் கூட்டத்தையும் வளர்க்கிறார் என்பதே உண்மை. அந்த எலிகளின் தண்ணீரும் காற்றும் வலியில்லாத சாவும் அவருடைய பொறுப்பே என்பதால், அவற்றையும் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும் என்று நான் வலியுறுத்துகிறேன்.

ஆயுளையும் இங்கே சேர்த்தே பார்க்க வேண்டும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் உயிரியல் பூங்காவில் ஒரு பால் பைத்தான் 2020ஆம் ஆண்டில் முட்டையிட்டது. அதற்கு அப்போது அறுபது வயதைத் தாண்டியிருந்ததாகக் கணித்தார்கள். 1961இல் ஒரு தனி மனிதர் அதைப் பூங்காவிடம் ஒப்படைத்திருந்தார். வீட்டில் வளரும் பாம்பு அவ்வளவு காலம் இருக்காது என்றே வைத்துக்கொண்டாலும், இருபது முப்பது ஆண்டுகள் என்பது அதற்குச் சாதாரணம். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி நாற்பது ஐம்பது ஆண்டுகள் வாழக்கூடியது. பெரிய மக்கா கிளியும் அப்படியே. ஐம்பது வயதில் சாம்பல் கிளிக் குஞ்சு வாங்குபவர், தம் தொண்ணூறாவது வயதில் அதற்குக் கூண்டு சுத்தம் செய்வது யார் என்று வாங்கும் நாளிலேயே யோசிக்கக் கடமைப்பட்டவர். அந்தக் கிளிக்குத் துணை வேண்டும், பேச்சு வேண்டும், கூண்டுக்கு வெளியே பல மணி நேரம் வேண்டும். கிடைக்காவிட்டால் தன் நெஞ்சுச் சிறகுகளைத் தானே ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு வெறும் தோலோடு நிற்கும். அப்படி நிற்கும் ஒரு கிளியைப் பார்த்தவர் யாரும் இரண்டாவது கிளியை அவசரப்பட்டு வாங்கமாட்டார். சாம்பல் கிளியின் பன்னாட்டு வணிகம் 2017 முதல் மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. காட்டில் அருகிவரும் இனத்தை வீட்டில் வைத்திருப்பவர்களின் கடமை அதனால் இன்னும் கூடுகிறது.

எண்ணிக்கை குறைவாக இருந்தால் மட்டும் போதும் என்றும் நான் சொல்ல வரவில்லை. மரத்துக்கு மரம் காற்றில் சறுக்கிச் செல்லும் சிறு பாலூட்டியான சுகர் கிளைடர் கூட்டமாக வாழும் பிராணி. அதைத் தனியாக ஒற்றையில் வைப்பது துன்புறுத்தலே. சுவிட்சர்லாந்தில் 2008இல் நடைமுறைக்கு வந்த விலங்குப் பாதுகாப்பு ஆணை, கிளி வகைகளையும் கினிப் பன்றியையும் துணையின்றித் தனியாக வளர்க்கக் கூடாது என்கிறது. ஆனால் இரண்டு என்று தொடங்கும் இடத்திலேயே பெருக்கமும் தொடங்கிவிடுகிறது. ஆணும் பெண்ணுமாக வாங்கி, ஆணுக்குக் கருத்தடை செய்யாமல் விட்டால், வாங்காமலேயே எண்ணிக்கை ஏறும். காக்கட்டீல் ஜோடிக்குக் கூடு கட்டப் பெட்டி வைத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பிறந்த குஞ்சுகளை யாருக்குக் கொடுப்பது என்பதற்கு விடை இல்லாதவர், அந்தப் பெட்டியை வைக்காமல் இருப்பதே நல்லது.

இவ்வளவையும் சீர்தூக்கிய பிறகு நான் கண்ட அளவுகோல் ஒன்றே: நம்முடைய நல்ல நாளை வைத்து எண்ணிக்கையை முடிவு செய்யக் கூடாது, மிக மோசமான நாளை வைத்தே முடிவு செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில், மின்சாரம் இருந்து, உடம்பும் நன்றாக இருந்து, கையில் காசும் இருந்தால் பதினைந்து விலங்குகளை யாரும் பார்த்துக்கொள்ளலாம். காய்ச்சலில் படுத்திருக்கும்போது எத்தனை? வேலை போன மாதத்தில் எத்தனை? சென்னைவாசிகளாகிய நாம் இன்னொன்றையும் கேட்டாக வேண்டும்: வெள்ளத்தில் எத்தனை?

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை, முடிச்சூர் பகுதிகள் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். பல தெருக்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. எங்கள் தெருவில் தரைத்தளத்தில் பறவைகளுக்கென்றே ஓர் அறை ஒதுக்கியிருந்த வீட்டில் இரவோடு இரவாகத் தண்ணீர் புகுந்தது. பெரிய கூண்டுகளை மாடிக்கு ஏற்றப் பார்த்தோம். படிக்கட்டின் திருப்பத்தில் அவை திரும்பவில்லை. கைக்குக் கிடைத்த அட்டைப் பெட்டிகளில் ஓட்டை போட்டு, இருட்டில் ஒவ்வொரு பறவையாகப் பிடித்துப் போட்டு, மாடிக் குளியலறையில் எல்லாவற்றையும் சேர்த்துவிட வேண்டியதாயிற்று. ஒன்றோடொன்று பழகாத ஜோடிகள் கொத்திக்கொண்டன. பயத்தில் சுவரில் மோதியவை உண்டு. விடிந்தபோது எல்லாம் உயிரோடு இல்லை. அந்த வீட்டுக்காரர் அக்கறையில்லாதவர் அல்லர். அவரைவிடச் சுத்தமாகக் கூண்டு வைத்திருப்பவரை நான் பார்த்ததில்லை. அவருக்கு இருந்தவை இரண்டு கைகள். பறவைகளோ அவற்றால் தூக்க முடிகிற எண்ணிக்கையைக் கடந்திருந்தன.

அன்றிலிருந்து யார் என்னிடம் யோசனை கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: வீட்டில் எத்தனை விலங்குகள் உண்டோ அத்தனைக்கும் தூக்கிச் செல்லும் சிறு கூண்டோ, பாம்பென்றால் கட்டி எடுத்துச் செல்லத் துணிப்பையோ இருக்க வேண்டும்; அவை அனைத்தையும் ஒருவரே, விளக்கில்லாமல், ஒரு மணி நேரத்துக்குள் மேல்மாடிக்குக் கொண்டுபோக முடிய வேண்டும். முடியாத எண்ணிக்கை அவருக்கு அதிகப்படியான எண்ணிக்கை. வெள்ளம் வராத மேட்டுப் பகுதியில் இருப்பவர்களுக்குக் கோடைக்காலம் இருக்கிறது. மே மாதத்தில் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் மின்சாரம் நின்றுபோனால், மூடிய கண்ணாடித் தொட்டிக்குள் இருக்கும் உயிர் சில மணி நேரத்தில் வெந்துவிடும். குளிர் மலைப்பகுதியைச் சேர்ந்த சின்சில்லா என்னும் கொறிவிலங்கையும், குளிர்ந்த நீரிலேயே வாழும் ஆக்ஸலாட்டில் என்னும் நீர்ப்பிராணியையும் இந்த ஊரில் வளர்ப்பவர்கள், இன்வெர்ட்டர் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று தெரிந்துகொள்ளாமல் அடுத்ததை வாங்குவது எனக்குப் புரியவில்லை.

மாற்று ஆள் என்ற கேள்வியும் உண்டு. நாய்க்கு இரண்டு நாள் சோறு வைக்க அக்கம்பக்கத்தில் யாராவது ஒப்புக்கொள்வார்கள். பாம்பு இருக்கும் வீட்டுக்குள் காலெடுத்து வைக்க உறவினர்களே தயங்குவார்கள். வாயளவில் “நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொன்னவரைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நாம் ஊரில் இல்லாதபோது ஒரு வாரமாவது உண்மையில் பார்த்துக்கொண்டவரையே சேர்க்க வேண்டும். அத்தகைய ஒருவர் சமாளிக்கக்கூடிய எண்ணிக்கை எதுவோ, அதுவே நம் எண்ணிக்கையின் மேல்வரம்பாக இருக்க வேண்டும். மருத்துவரும் அப்படித்தான். நாய், பூனை, மாடு பார்க்கும் மருத்துவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஊர்வனவற்றையும் அயல் பறவைகளையும் நன்கறிந்தவர்கள் சிலரே. சென்னையில் இருப்பவருக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி எட்டும் தொலைவில் இருக்கிறது. சிறு நகரத்தில் இருப்பவர் நோயுற்ற கிளியை மடியில் வைத்துக்கொண்டு பல மணி நேரம் பயணம் செய்ய வேண்டும்.

புதிதாக வரும் விலங்கைத் தனிமைப்படுத்த வீட்டில் தனி அறை இல்லையென்றால், புதிய விலங்குக்கே இடமில்லை என்று பொருள். கடைகளிலிருந்து வரும் கிளி, சிட்டாக்கோசிஸ் நோயைச் சுமந்து வரலாம். அது மனிதருக்கும் தொற்றி நிமோனியாவாக முற்றக்கூடியது. பாம்புகளோடு உண்ணிகளும் குடல் நோய்க் கிருமிகளும் வரும். அனுபவமுள்ளவர்கள் புதிய பாம்பை மூன்று மாதம் தனியறையில் வைத்து, அதற்கென்று தனித் தண்ணீர்க் கிண்ணமும் தனித் தொட்டியும் கொடுத்து, அதைக் கடைசியாகக் கவனித்துவிட்டுக் கை கழுவுகிறார்கள். இந்த ஒரு வழக்கத்தைக் கடைப்பிடித்தாலே ஆண்டுக்கு ஒன்றிரண்டுக்கு மேல் வாங்குவது கடினம்.

இவற்றைப் படிக்கும் சிலர், அப்படியானால் ஒரு வீட்டுக்கு இத்தனைதான் என்று அரசே வரம்பு விதித்துவிடலாமே என்று கேட்கக்கூடும். நான் அதை ஆதரிக்கவில்லை. ஒரே எண் எல்லா இனத்துக்கும் பொருந்தாது. முப்பது பறவைகளை முழுநேர வேலையாகச் சிறப்பாகப் பேணும் இனப்பெருக்குநரும் இருக்கிறார், ஒன்றே ஒன்றைச் சமையலறைப் பலகையில் வாட்டி வைத்திருப்பவரும் இருக்கிறார். ஐரோப்பிய நாடுகள் சில வேறு வழியில் சென்றிருக்கின்றன. எந்தெந்தப் பாலூட்டிகளை வீட்டில் வளர்க்கலாம் என்று பெல்ஜியம் முதலில் பட்டியலிட்டது. நெதர்லாந்தில் 2024 ஜூலை முதல் முப்பது இனங்கள் கொண்ட பட்டியல் நடைமுறையில் இருக்கிறது. வளர்க்கத் தகுந்த இனம் எது என்பதை அது தீர்க்கிறது. வளர்க்கத் தகுந்த எண்ணிக்கையைத் தீர்ப்பதில்லை. அதற்கு நம் பதிவு முறையே கை கொடுக்கும் என்று நம்புகிறேன்.

ஏற்கெனவே ஒரு விலங்கைப் பதிவு செய்தவர் அடுத்ததைப் பதிவு செய்ய வரும்போது, அவர் இல்லாதபோது பார்த்துக்கொள்ளும் மாற்று ஆள் யார், அவசரத்துக்கு எந்த மருத்துவர், மின்தடைக்கும் வெள்ளத்துக்கும் என்ன ஏற்பாடு என்று எழுத்தில் கேட்டு, மாற்று ஆளின் கையொப்பத்தையும் பெற வேண்டும். எண்ணிக்கை கூடக் கூட அந்த விளக்கமும் விரிவாக இருக்க வேண்டும். குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் வனத்துறையினரும் கால்நடை மருத்துவரும் நேரில் பார்த்த பிறகே ஒப்புதல் தர வேண்டும். 2018ஆம் ஆண்டின் செல்லப் பிராணிக் கடை விதிகளின் கீழ் பதிவு பெற்ற கடைகள், விற்கும் ஒவ்வோர் அயல் விலங்குக்கும் முழு வளர்ச்சியில் அதன் அளவு, ஆயுள், உணவு, தனியாக வளர்க்கலாமா கூடாதா என்பவற்றைத் தமிழில் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும் என்று மாநில அரசு ஆணையிட வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட உடனடியாக வேண்டியது, எண்ணிக்கை மீறிவிட்டதை உணர்ந்தவர் கௌரவமாகத் திருப்பி ஒப்படைக்க ஓர் இடம். இன்று அப்படி உணர்பவருக்கு நல்ல வழி எதுவும் எளிதில் தென்படுவதில்லை. சிவப்புக் காது ஆமை நாணய அளவிலிருந்து தட்டளவுக்கு வளர்ந்ததும், கோயில் குளத்திலோ ஏரியிலோ விட்டுவிடுகிறார்கள். கேரளத்தில் அவ்வாறு விடப்பட்டவற்றைச் சேகரிக்கும் பணியில் பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனமே இறங்க வேண்டியிருந்தது. நம் குளங்களில் வாழும் நாட்டு ஆமைகளுக்கு அவை உணவிலும் இடத்திலும் போட்டியாகின்றன. இகுவானாவைப் பூங்காவில் விடுகிறார்கள், கிளியைத் திறந்து விடுகிறார்கள். பறக்கப் பழகாத கிளி பருந்துக்கும் காக்கைக்கும் இரையாகிறது. தண்டனைக்குப் பயந்துதான் பலர் இப்படிச் செய்கிறார்கள் என்பதால், ஒப்படைப்பவர் மீது வழக்கு இல்லை என்ற உறுதியோடு, வனத்துறையும் கால்நடை பராமரிப்புத் துறையும் சேர்ந்து மாவட்டத்துக்கு ஒரு பெறுமிடத்தை அமைத்து, அதன் தொலைபேசி எண்ணை நாளிதழ்களில் வெளியிட வேண்டும் என்று தங்கள் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் சென்னை, செங்கல்பட்டு மாவட்டங்களிலாவது இதைச் செய்ய முடியும்.

இப்படிக்கு,
மடிப்பாக்கம் வாசகர் ஒருவர்,
சென்னை